பாவம் யார் கணக்கில்?

எங்கள் குலசாமி சுருட்டுக் குடிப்பவர். பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. ஊருக்குத் தெற்கே சுடலைமாடன் பீடம். கோயில் திருவிழாவான கொடையில், சாமக்கொடைக்குப் படையல் போடும்போது கோழி, முட்டை, சாராயத்தோடு ஒரு கட்டுச் சுருட்டும் இலையில் இருக்கும். சாமியாடுகிற எங்கள் பெரியப்பா அதில் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டுதான் மயான வேட்டைக்குக் கிளம்புவார். வருஷத்தின் மற்ற நாளெல்லாம் பீடியைக் கையால் தொடமாட்டார். கொடை முடிந்த மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து இருமுவார். "குடிச்சது சாமி, இருமல் எனக்கு" என்பார்.

புகை பாவமா என்று எங்கள் பக்கத்துச் சாமிகளிடம் கேட்டால் நேரான பதில் வராது. அந்தச் சுருட்டே இந்த மண்ணுக்குப் புதுசு. போர்த்துகீசியர் கப்பலில் வந்த இலை. 1617-ல் ஜஹாங்கீர் பாதுஷா புகையிலைக்குத் தடை போட்டார். தடை போன இடம் தெரியவில்லை, இலை நின்றுவிட்டது. தமிழில் சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர், பழனி முருகன்மேல் மையல் கொண்ட ஒரு பெண் புகையிலையைத் தூது விடுவதாகவே ஒரு நூல் பாடினார். உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். சிவனுடைய வில்வமும் திருமாலுடைய துளசியும் தொலைந்துபோக, பிரம்மாவிடம் இருந்த புகையிலை மட்டும் தொலையாமல் தப்பியது என்று அதில் ஒரு கதை. நேற்று வந்த சரக்குக்கு இன்று புராணம் எழுதிக் கொடுக்கிற தாராளம் நம்மிடம் எப்போதும் உண்டு. சுருட்டு வருவதற்கு முன்னால் மாடன் என்ன குடித்தார் என்று சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பெரியப்பாவிடம் கேட்டு அடி வாங்கப் பார்த்தேன்.

நான் தென்காசி நீதிமன்றத்தில் வக்கீல். பெரும்பாலும் ஜீவனாம்சம், வரப்புத் தகராறு, வாடகை. போன ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கி ஊரெல்லாம் சாரல் நசநசத்துக்கொண்டிருந்த ஒரு நாள், ஓர் அம்மாள் என் அறைக்கு வந்தார். மகன் வெளியூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். விடுதியில் அவன் பெட்டியில் வேப் என்கிற மின் சிகரெட் ஒன்று அகப்பட்டதாகக் கல்லூரியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். ஊர், குடும்பம், கல்லூரி எல்லாவற்றையும் இங்கே மாற்றியும் மறைத்தும்தான் எழுதுகிறேன்.

"வக்கீலம்மா, பீடி குடிச்சிருந்தாம்னா ரெண்டு சாத்து சாத்திட்டு விட்டிருப்பேன். இது என்ன எழவுன்னே தெரியல. பேனா மாதிரி இருக்கு. நாத்தமே கெடையாது, மாம்பழ வாசம் அடிக்கி. லீவுக்கு வந்து பத்து நாள் என் பக்கத்துலதான படுத்துக் கெடந்தான், எனக்கே தெரியலயே."

கொஞ்ச நேரம் அழுதுவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "இது பாவமா, கேசா? ரெண்டுல எதுன்னு சொல்லிருங்க."

அந்த அம்மாள் பீடி சுற்றுகிறவர். சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறைக்குள் வந்ததுமே பீடித்தூள் வாசனை வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது நெடி. எனக்கு அது அம்மாவின் வாசனை.

கேஸைப் பற்றி முதலில் சொன்னேன், அதுதான் எனக்குச் சுலபம். தமிழ்நாடு 2018-லேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது, டிசம்பரில் அது முழுச் சட்டமானது. இடையில் நவம்பர் 22 அன்றுதான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து எங்கள் மாவட்டம் பிறந்தது. ஆக, தென்காசி மாவட்டம் கண் திறந்தபோதே வேப்புக்குத் தடை. பீடிக்கோ இந்த மாவட்டமே மடி.

அந்த 2019 சட்டத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். தயாரிக்கக் கூடாது, இறக்குமதி ஏற்றுமதி கூடாது, வண்டியில் ஏற்றக் கூடாது, விற்கக் கூடாது, விநியோகிக்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் முதல் தடவை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்றாண்டு, ஐந்து லட்சம். சரக்கு இருப்பு வைத்தால் ஆறு மாதம், ஐம்பதாயிரம். இந்தத் தண்டனைப் பிரிவுகள் எதிலும் குடிக்கிறவன் வரவில்லை. கையில் ஒன்று வைத்திருப்பதே குற்றம் என்று சுகாதார அமைச்சகம் பிற்பாடு சொல்லியிருக்கிறது. அதை நீதிமன்றத்தில் வாதாட இடம் இருக்கிறது. ஆனால் சட்டத்தை எழுதியவர் மனதில் இருந்த பாவி யார் என்பதில் சந்தேகமே இல்லை: விற்கிறவன். இழுக்கிறவன் ஏமாந்த பிள்ளை.

பீடிக்கு வாருங்கள். 1966-ல் பீடித் தொழிலாளர் சட்டம். வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்பதைக் கம்பெனிக்காரர்கள் ஒத்துக்கொள்ளாமல் வழக்காடி, 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. 1976-ல் நலநிதி. முக்கூடலில் பீடித் தொழிலாளிகளுக்கென்றே மத்திய அரசின் ஆஸ்பத்திரி. செய்கிறவளுக்கு வருங்கால வைப்பு நிதி, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி. எல்லாம் வேண்டியதுதான், போராடி வாங்கியதுதான். ஆனால் குடிக்கிறவனுக்கு? பொதுஇடத்தில் பிடித்தால் இருநூறு ரூபாய் வரை அபராதம். கட்டின்மேல் 85 சதவீதத்துக்குப் பயமுறுத்தும் படமும் எச்சரிக்கையும். படத்தைப் போட்டாயிற்று, பார்த்துவிட்டுக் குடித்தாய், இனி உன் பாடு. இந்தக் கணக்கில் பாவம் முழுக்கக் குடிக்கிறவன் தலையில். செய்தவளும் செய்வித்தவனும் சுத்தம்.

ஒரே நிகோடின்தான். ஒன்றில் விற்பவன் பாவி, மற்றொன்றில் வாங்குபவன் பாவி. அரசாங்கத்தை மட்டும் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. ஜனங்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். எங்கள் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் சிகரெட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டே, "இந்த வேப் விக்கிறவனைத் தூக்குல போடணும்" என்று தீர்ப்புச் சொல்லுகிற சீனியர்கள் இருக்கிறார்கள். ஆட்டோக்காரர், பூக்காரம்மா, பள்ளிவாசல் தெருப் பெரியவர், யாரைக் கேட்டாலும் பீடிக்கு ஒரு பெருமூச்சு, வேப்புக்கு ஒரு சாபம்.

ஏன் இந்த வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். உடம்புக்குக் கெடுதி என்பது காரணமாக இருக்க முடியாது. பீடியின் கெடுதியை இந்த மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016-17-ல் நாடு முழுக்க எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், வளர்ந்தவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதாவதொரு வகையில் புகையிலை எடுத்தார்கள். பீடி குடித்தவர் மட்டும் 7.7 சதவீதம். மின் சிகரெட் குடித்தவர் 0.02 சதவீதம். அதன்பிறகு கூடியிருக்கும். தடை வந்தபோது நிலவரம் இதுதான்.

வேப்பில் எரிவது எதுவும் இல்லை. கிளிசரின் மாதிரியான திரவத்தில் நிகோடினும் வாசனையும் கலந்து, சின்னக் கம்பிச்சுருள் ஒன்று அதைச் சுடவைக்க, ஆவியாக வருவதை இழுக்கிறார்கள். எரியாததால் தார் இல்லை, கார்பன் மோனாக்சைடு இல்லை. ஆனால் பிடித்துக்கொண்டால் விடாத நிகோடின் இருக்கிறது. 2003-ல் இதை உருவாக்கிய ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர் தானே பெரிய புகைப்பாளி, அப்பாவை நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். இங்கிலாந்தில் 2023-ல், சிகரெட்டை விட விரும்புகிறவர்களுக்கு அரசாங்கமே இலவசமாக வேப் கொடுப்போம் என்றது. அதே நாடு 2025 ஜூன் முதல், ஒரு தடவை பயன்படுத்தி எறிகிற வேப்பைத் தடை செய்தது, பிள்ளைகள் கையில் மிட்டாய் மாதிரி புழங்கியதால். நாற்பது வருஷம் பீடி குடித்த என் மாமா ஒருவருக்கு அது உதவியிருக்குமோ என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. மாம்பழ வாசனை போட்டுப் பதினேழு வயசுக்காரனிடம் நீட்டுகிறவனுக்கு மாமாவைப் பற்றிய கவலை இல்லை என்பதும் தெரியும். அதனால் நான் தடைக்கு எதிரி இல்லை.

ஜனங்களின் கோபத்துக்கு வருகிறேன். அந்த அம்மாளின் புலம்பலில் அழுத்தமாக வந்தது நாற்றம். நாற்றம் இல்லையே என்பதுதான் ஆற்றாமை. எங்கள் ஊரில் பீடி குடித்துவிட்டு வருகிற பையன் கொய்யா இலையை மென்று துப்பிவிட்டு வருவான். அப்படியும் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். நாற்றம் ஊருக்குச் சாட்சி. சாட்சியில்லாத தப்பை நம் ஜனங்களுக்கு எப்படிக் கையாளுவது என்று தெரியவில்லை. சாமி பார்க்கும் என்று சொல்லிக்கொள்கிறோம். உள்ளூர நம்பியிருந்தது பக்கத்து வீட்டுக்காரியின் மூக்கைத்தான்.

இன்னொரு காரணம் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. வேப்பில் நம் சோறு இல்லை. எவனோ எங்கேயோ செய்து, எப்படியோ உள்ளே வருகிறது. அதைத் திட்டினால் நம் வீட்டு உலை அணையாது. பீடி அப்படியா? பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம், சுரண்டை, கடையநல்லூர், எந்தத் தெருவில் நுழைந்தாலும் வாசல்படியில் சொளவை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள். இந்துத் தெரு, முஸ்லிம் தெரு, வேதக்காரர் தெரு வித்தியாசம் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் நகையைக் கேட்பதற்கு முன்னால் பீடி சுற்றத் தெரியுமா என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. என் அக்காவை அப்படிக் கேட்டார்கள்.

சோறு இருக்கிற இடத்தில் பாவம் இல்லை என்று நினைப்பது மனித சுபாவம். சாஸ்திரங்கள் அவ்வளவு இளகியவை அல்ல. வள்ளுவர் புலால் மறுத்தலில் ஒரு நியாயம் சொல்கிறார்: தின்கிறவன் இல்லையென்றால் விற்கிறவன் இருக்கமாட்டான். வேர் வாங்குபவனிடம். அது பீடிச் சட்டத்தின் கட்சி. கள்ளுண்ணாமையை அவர் அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் கொண்டுபோய் வைத்ததும் யோசிக்கத் தக்கது. புலாலைத் துறவியின் தனிக் கணக்கில் எழுதியவர், கள்ளை நாட்டுக் கணக்கில் எழுதிவிட்டார்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், மார்க்கம் படித்த ஒரு ஹஸ்ரத் இருக்கிறார். சொத்துப் பத்திரம் ஒன்றுக்காக வந்து, பின்பு சும்மாவும் வந்து பேசுகிறவர். அவருடைய சொந்தங்கள் சிங்கப்பூரில். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் பலருக்கும் அப்படித்தான். கடையநல்லூர்க்காரர்கள் 1941-லேயே அங்கே சங்கம் வைத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து வேப்பை இழுப்பதும் வைத்திருப்பதுமே குற்றம். 2025 செப்டம்பரில் அதையும் இறுக்கி, முதல் தடவை மாட்டுகிற பெரியவனுக்கு 700 வெள்ளி அபராதம், மறுபடி மாட்டினால் சிகிச்சைக்கும் போக வேண்டும் என்றார்கள். மயக்கமருந்து கலந்த வேப் வந்ததுதான் காரணம். மலேசியாவில் 2015 டிசம்பரிலேயே தேசிய ஃபத்வா குழு வேப்பை ஹராம் என்றுவிட்டது. சிகரெட்டை 1995-ல் சொல்லியிருந்தது. இதையெல்லாம் ஹஸ்ரத் விரலை மடக்கிச் சொன்னார்.

மது பற்றி ஒரு நபிமொழி இருப்பதையும் அவர்தான் விளக்கினார். பிழிகிறவர், பிழியச் சொன்னவர், குடிப்பவர், சுமப்பவர், சுமந்து கொண்டுவரச் சொன்னவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அந்தக் காசைத் தின்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்பட்டதோ அவர் என்று பத்துப் பேர்மேலும் சாபம். ஒருவரும் தப்பவில்லை. வக்கீல் மூளைக்கு அது பிடித்துப்போயிற்று, குற்றப்பத்திரிகை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

"அப்ப பீடி சுத்துற பொம்பள, ஹஸ்ரத்?" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "அது மதுவுக்குச் சொன்னதும்மா. புகையிலைய அப்படியே அதுல ஏத்தக் கூடாது. மக்ரூஹ், அதாவது ஹராம் இல்ல, ஆனா தவிர்க்கணும்ன்னு சொன்ன பெரியவங்களும் இருக்காங்க" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எங்கம்மாவும் சுத்துனவங்கதான்" என்றார்.

எங்கம்மாவும்தான். ராத்திரி இலையை நனைத்துச் சாக்கில் சுற்றி வைப்பாள். விடியற்காலையில் தகட்டை வைத்து அளவாக வெட்டுவாள். தூளை விரலால் அளந்து வைத்து, உருட்டி, நூல் சுற்றி, வாயை மடக்கிவிட்டால் ஒன்று. ஆயிரம் சுற்றினால் ஒரு நாள் கூலி. பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், இது சப்பை, இது தளர்ச்சி என்று கழித்துப் போட்டது போக மிச்சத்துக்குப் புத்தகத்தில் வரவு. நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து சுற்றினேன், சட்டக் கல்லூரிக்குப் போகும் வரை சுற்றினேன். தும்மலும் இருமலும் வீட்டில் இன்னொரு பிள்ளை மாதிரி எங்களோடு வளர்ந்தன. அம்மா வாழ்நாளில் ஒரு பீடியை உதட்டில் வைத்ததில்லை. தூளைத்தான் மூச்சாக இழுத்தாள்.

1996-ல் திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரி தொடங்கிற்று. அங்கே எனக்குக் கிடைத்த உதவித்தொகை பீடித் தொழிலாளர் நலநிதியிலிருந்து வந்தது. அந்த நிதி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வசூலித்த தீர்வையில் சேர்ந்தது. பீடி எவ்வளவு விற்றதோ அவ்வளவு நிதி. எங்கோ பீகாரிலோ, தூத்துக்குடித் துறைமுகத்திலோ சுமைதூக்கிவிட்டு ஒருவர் இழுத்த இழுப்பில் என் பாடப்புத்தகம் இருந்தது. நான் இன்று கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பாவபுண்ணியம் பேசுகிறேனே, இந்தக் கோட்டிலும் அவர் நெஞ்சில் கட்டிய சளி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. சரக்குச் சேவை வரி வந்த 2017-ல் அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். எங்கள் பங்கும் அதோடு தீர்ந்தது என்று எண்ணிக்கொள்ள எனக்கு வராது.

பாவத்தைக் கொடைவரி மாதிரி பிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் கொடையில் குடிசைக்காரனுக்கும் வரி உண்டு, மாடிவீட்டுக்காரனுக்கும் உண்டு; தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஒருமாதிரியும், நிலபுலன் பார்த்து மேல்வரி ஒருமாதிரியும் எழுதுவார்கள். வரி இல்லை என்று யாரையும் ஒதுக்கமாட்டார்கள். ஒதுக்கினால் அது அவமானம். பீடி சுற்றுகிறவளுக்குப் பாவமே இல்லை என்று சொல்வதில் ஒரு இளக்காரம் ஒளிந்திருக்கிறது, அவளுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கலாம் என்பதையே மறுப்பது போல. அவளுக்கும் உண்டு, அரையணா வரி. ஆயிரத்துக்குக் கூலி கொடுத்து லட்சமாக விற்ற கம்பெனிக்கு மேல்வரி. வேப்பைத் தடைசெய்த கையோடு சிகரெட் வரியை எண்ணி வைக்கிற அரசாங்கத்துக்கு அதைவிட மேல். சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யின் பங்குகளை எல்.ஐ.சி. பெரிய அளவில் வைத்திருக்கிறது. என் பாலிசியும் எல்.ஐ.சி.தான், ஆகவே உதவித்தொகைக்கு ஒன்று போக எனக்கு இரண்டாவது வரிச்சீட்டு. குடிக்கிறவருக்கும் உண்டு, அவர் அதை உடம்பால் கட்டிவிடுகிறார்.

ஜனங்கள் சோற்றைப் பார்த்துப் பாவத்தைத் தள்ளுபடி செய்வதை நான் முழுக்கத் தப்பு என்று சொல்லவில்லை. வேறு வேலை கொடுக்காமல் பீடியை ஒழிப்பேன் என்று வருகிறவரிடம் நானே சண்டைக்கு நிற்பேன். ஆனால் சோறு பாவத்தைக் கரைக்காது, பலபேருக்குப் பங்கு வைக்கும், அவ்வளவுதான். அந்தப் பங்கை ஒத்துக்கொள்ளப் பயந்துதான் வேப்பைப் பார்த்ததும் நமக்கு இவ்வளவு உற்சாகமாகக் கோபம் வருகிறது. நம் பெயர் எழுதாத பாவம் ஒன்று கடைசியில் கிடைத்துவிட்டது.

இதில் பாதியைத்தான் அந்த அம்மாளிடம் சொன்னேன், அதுவும் சுற்றிவளைத்து. பையனை மறுநாள் வரச் சொன்னேன். வந்தான். மெலிந்த பிள்ளை, கண்ணை நிமிர்த்தவில்லை. எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். விற்கிறவன்தானே சட்டத்துக்கு வேண்டியவன்.

அம்மாள் அதற்குள் ஆரம்பித்துவிட்டார். "அந்த விக்கிற நாயச் சொல்லுல. அவன் வெளங்குவானா? புள்ளைக வாயில வெசத்த வச்சவன் குடும்பம் வெளங்குமா? வக்கீலம்மா, அவன் பேரப் போட்டு எழுதுங்க."

பையன் ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான். விடுதியில் அடுத்த அறை அண்ணன். மூன்றாம் வருஷம். ஆன்லைனில் எவனிடமோ மூன்று வாங்கினான், இரண்டைக் கூடுதல் விலைக்கு விற்றுத் தனக்கானதைச் சும்மா ஆக்கிக்கொண்டான். இருபது வயசு. சங்கரன்கோவில் பக்கம். சட்டப்படி ஓராண்டு சிறைக்கு உரியவன் அவன்தான்.

"அவங்கம்மா என்ன பண்ணுதாவ?" என்று கேட்டார் அம்மாள்.

"தெரியாதும்மா. நெசவுன்னு நெனைக்கேன்."

அம்மாள் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அவன் பேரு வேண்டாம்மா. இவன் தப்ப மட்டும் எழுதிக் குடுங்க" என்றார்.

விளக்கக் கடிதத்தில் பையனுடைய தவறை ஒளிக்காமல் எழுதினேன். மனநல ஆலோசனைக்கு அனுப்புங்கள், படிப்பை நிறுத்தாதீர்கள் என்று கேட்டேன். வாங்கிய இடம் என்ற வரிக்கு, விடுதிக்குள்ளேயே இது புழங்குகிறது, வெளியில் விற்கிற ஆள் யார் என்பதை நிர்வாகம் காவல்துறையோடு சேர்ந்து விசாரிக்கட்டும் என்று எழுதி நிறுத்தினேன். அந்த மூன்றாம் வருஷக்காரன் பெயரைப் போடவில்லை. ஒரு சீனியரிடம் சொன்னபோது, குற்றவாளியைக் காப்பாற்றிவிட்டாய் என்றார். இருக்கலாம். ஆன்லைனில் மூன்றை அனுப்பியவன் பெயர் தெரிந்திருந்தால் முதல் வரியிலேயே போட்டிருப்பேன்.

போகும்போது அம்மாள் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணி வைத்தார். நோட்டுகளில் தூள் வாசனை. வாங்கிக்கொண்டேன்.